எல்லாம் நார்மல்தானே?

கீரனூர்
18.6.2024

அன்புள்ள தங்கை அன்புமொழிக்கு,

மரியே வாழ்க. நீ போன மாதம் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் கோபப்படக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்குமே, அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தாமதம். உன் தொண்டை வலி தேவலையா? சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதே.

இங்கே நான், மாமா, செம்மல் மூவரும் சுகம். உன் அத்தான் ஜெரால்டு சிங்கப்பூரிலிருந்து தினமும் வீடியோவில் வந்து தன் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எனக்கும் முகம் காட்டுகிறார். பயிற்சி முடிகிறவரை உங்களுக்குப் போன் கிடையாது என்று உங்கள் மதர் சொன்னபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது பார்த்தால் போனில் சொல்ல வராததெல்லாம் உனக்கு எழுதும்போதுதான் வருகிறது.

மூன்று வயதாகிறதே என்று செம்மலை நர்சரியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். வயது போதவில்லையாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பிரகதீஸ்வரி அக்காவின் மகள் ஹரிணிக்கு இடம் கிடைத்துவிட்டது. இவனைவிட ஒரு மாதம் இளையவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். நம் வீட்டுக்கு வந்து நம் பூனைக்கே பேர் வைத்துவிட்டுப் போகிறாள்.

செம்மல் இன்னும் பேச்சுக்கு வரவில்லை. வேண்டியதை என் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். பிரகதி அக்கா, "ஆம்பளப் புள்ள அப்புடித்தான், மெதுவாத்தான் பேசும்" என்கிறார். மாமாவோ, "காது நல்லா இருக்கு, அப்புறம் வாய் எங்கிட்டுப் போயிரும்?" என்கிறார். கண்மாய்க்கு அங்கிட்டுக் கோயில் மணி அடித்ததும் மாமா எழுந்து சிலுவை போடுவார் அல்லவா? அவரோடு செம்மலும் துள்ளி எழுந்து, நெற்றியிலும் வயிற்றிலும் கையை வைத்து ஏதோ ஒரு சிலுவை போட்டுவிட்டு, கோயிலைப் பார்க்க வாசல் கேட்டுக்கு ஓடுவான். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தவறாது.

நீ எத்தனை வயதில் பேசினாய்? எனக்கு நினைவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுடர்விழி


திண்டுக்கல்
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த ஞாயிறு எனக்குத் திருநாள். தொண்டை வலி போய்விட்டது. சுடுதண்ணீர் கேட்காமலே போய்விட்டது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் எப்போது பேச ஆரம்பித்தேன் என்று எனக்கும் தெரியாது. இப்போது பேசாமல் இருக்கத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் நான் பெயில்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஹரிணி இவனுக்கு இளையவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவளுக்குப் போதுகிற வயது இவனுக்கு எப்படிப் போதாமல் போகும்? அந்த நர்சரி மிஸ் உண்மையில் என்ன சொன்னார்?

செம்மலுக்கு என் முத்தங்கள்.
தங்கை அன்பு


கீரனூர்
5.8.2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை மடித்துவைத்து மறுபடி பிரித்து, மறுபடி மடித்துவைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். உன்னிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது என்று சின்ன வயதிலேயே தெரியும், அப்படியும் முயற்சி செய்தேன்.

அந்த மிஸ் செம்மலைப் பொம்மைகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கை தட்டினார். மின்விசிறி ஒரு பக்கம், பிள்ளைகளின் கூச்சல் ஒரு பக்கம். அப்போதும் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்து, "புள்ள நார்மல்தானேம்மா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தாழ்ந்த குரலில்தான் கேட்டார். எனக்கு என்ன ஆனதோ, "ஒங்க ஸ்கூலே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். போய் வாங்க எனக்கு முகமில்லை.

மாமா கேட்டதும் கொதித்துப்போனார். மாலை மணி அடிக்கிற நேரத்துக்குப் பிரகதி அக்காவை வரச்சொல்லி, சாட்சிக்கு நிற்கவைத்தார். மணி அடித்தது. மாமா எழுந்தார், செம்மலும் எழுந்து ஓடினான். "பாத்தியாத்தா? மணி அடிச்சா மொத ஆளா எந்திரிக்கிறது யாரு? ஒங்க வீட்டு மனுசனக் கூப்பிட்டா ஒரு மணி நேரங் கழிச்சுத் திரும்புறாரே, அவரைக் கொண்டுபோயி டெஸ்ட் எடு!" என்றார். அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காதில் ஏதோ கருவி வைத்துப் பார்த்து நார்மல் என்று சொன்னார்கள். போன தீபாவளி வெடிக்குப் பயந்து என் சேலைக்குள் ஒளிந்தானே, கேட்காமலா ஒளிந்தான்? இருந்தாலும் இங்கே டாக்டரிடம் காட்டினேன். எதற்கும் திருச்சியில் காது டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் போகிறோம்.

அத்தானிடம் சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவர் என்ன செய்வார்? நீயும் செபத்தில் மட்டும் சொல்.

அக்கா சுடர்


திண்டுக்கல்
1.9.2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். மழை நன்றாகப் பெய்தது, தோட்ட வேலை அதிகம். கைகளில் கொப்புளம், மனசுக்குச் சந்தோசம்.

திருச்சிக்குப் போய்வந்தீர்களா? என்ன சொன்னார்கள்? ஒரு வரி எழுதினாலும் போதும்.

செம்மலின் ஒற்றைச் செருப்பை நினைத்து நான் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

தங்கை அன்பு


கீரனூர்
23.9.2024

அன்புள்ள தங்கைக்கு,

கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் போடு. நாங்கள் எல்லோரும் நலம்தான்.

திருச்சிக்கு இன்னும் போகவில்லை. புறப்பட்ட அன்று அவனுக்குச் சளியும் காய்ச்சலும். அடுத்த வாரம் மாமாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதற்கடுத்து முகூர்த்த நாள், பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது? மழை வேறு. ஆயுத பூசை விடுமுறை முடியட்டும் என்று பார்க்கிறேன்.

இந்த நார்மல் என்ற வார்த்தையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன் அன்பு. மூன்று வருடம் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கினேன். ஒரு நாளும் இந்த வார்த்தையை நின்று பார்த்ததில்லை. செம்மல் பிறந்த அன்று போன் செய்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, நார்மலா ஆபரேசனா என்பதுதான். நார்மல் என்று சொல்லும்போது ஏதோ பரீட்சையில் முதலிடம் வந்ததுபோல் எனக்குப் பெருமை. கீரனூர் டீக்கடையில் ஸ்ட்ராங்கா, லைட்டா, நார்மலா என்கிறார்கள். அங்கே அது ஒன்றும் பெருமை இல்லை, நடுவாந்திரம். தையல்காரர் ஜாக்கெட்டுக்குக் கழுத்து நார்மலாக வைக்கவா என்றால், உனக்குப் பேஷன் தெரியாது என்று அர்த்தம். மாமாவுக்குப் பிரசர் நார்மல் என்றால் அன்றைக்கு ஊறுகாய் உண்டு. அதே வார்த்தையைப் பிள்ளைக்கு முன்னால் வைத்துக் கேட்கும்போது மட்டும் நெஞ்சில் ஏன் கத்தி மாதிரி இறங்குகிறது?

மாமாவிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் அல்லவா? "எங்க டிப்போவுல அதுக்கு ஆர்டினரின்னு பேரு. இப்பத்தான் பயலுக நார்மல் வண்டிங்கிறாய்ங்க. எக்ஸ்பிரஸ் முன்னால போயிரும். ஆர்டினரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னுதான் வரும். அதுக்காக வராமலா போயிருது? நம்ம பய ஆர்டினரி வண்டி" என்றார். சொல்லிவிட்டு அவரே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் தினமும் போனை வைக்கும் முன் "எல்லாம் நார்மல்தானே?" என்று கேட்பார். "நார்மல்தாங்க" என்பேன்.

செம்மல் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். மாமாவுக்குச் சமமாகக் குறட்டை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்கா சுடர்


திண்டுக்கல்
6.10.2024

என் அன்பு அக்காவுக்கு,

நீ தூங்குகிறாயா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாமாவின் ஆர்டினரி வண்டியை இங்கே உடன் இருப்பவர்களிடம் சொன்னேன், ஆளாளுக்கு அதையே சொல்லித் திரிகிறார்கள். பெரிய திருநாள் எதுவும் இல்லாத நாள்களைத் திருச்சபையில் பொதுக்காலம் என்போம் அல்லவா? ஆங்கிலத்தில் அதற்கும் ஆர்டினரி என்றுதான் பேர். வருடத்தில் பெரும்பாதி அதுதான். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

இங்கே சிஸ்டர் அமலோற்பவம் என்று ஒருவர் சமையலறைப் பொறுப்பில் இருக்கிறார். காது அநேகமாகக் கேட்காது. கருவி மாட்டியிருப்பார், ஆனால் கோயிலுக்குள்ளும் சமையலறையிலும் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். போன வாரம் சமையலறையில் அவருக்கு எதிரில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மதிய மணி அடித்தது. என் கை முழுக்க மஞ்சள், துடைத்துக்கொண்டு எழலாம் என்று ஒரு நிமிடம் தாமதித்தேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் அசையவே இல்லை, வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோனதும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாளும் மணிக்குத் தவறாமல் எழுகிறவர் அவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அக்கா, அடுத்த முறை மணி அடிக்கும்போது நீயும் மாமாவும் அசையாமல் இருங்கள். திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். செம்மல் என்ன செய்கிறான் என்று மட்டும் பாருங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் மாதாவுக்கு நன்றி சொல்வேன்.

இன்னொன்று. போன இரண்டு கடிதங்களிலும் நீ ஞாயிறு பூசையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கோயிலுக்குப் போய் எவ்வளவு நாளாகிறது?

உன்னைக் குறை சொல்ல நான் யார்? உன் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்றுதான்.

அன்பு


கீரனூர்
20.10.2024

அன்பு,

நலம் விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "மணிக்கு எந்திரிக்காம உக்காந்திருக்கவா? மாதா என்னைய என்ன நெனைக்கும்? மாட்டவே மாட்டேன்" என்று இரண்டு நாள் பிடிவாதம். நேற்று மாலை அவராகவே வந்து, "சரி, உள்ளுக்குள்ள சொல்லிக்கிறேன்" என்றார். நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பழக்கத்தில் கை எழுந்துவிடுமாம். நான் கீரையை ஆய்ந்துகொண்டு குனிந்திருந்தேன். செம்மல் எங்களுக்கு நடுவில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. காற்று இந்தப் பக்கமாக வீசியதால் தெளிவாகவே கேட்டது. செம்மல் தலையைத் தூக்கவில்லை. டப்பாவின் மேல் டப்பாவை வைத்தான். மணி அடித்து முடிந்தது. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, கையை அடியில் வைத்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

பிறகு, சத்தம் எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்து, மாமா மெதுவாக எழுந்து சிலுவை போட்டார். உடனே செம்மல் டப்பாக்களைத் தட்டிவிட்டுத் துள்ளி எழுந்தான். சிலுவை போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். ஓடிப்போய்க் கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மணிக்கு எழுந்ததே இல்லை அன்பு. மாமாவின் கைக்குத்தான் எழுந்திருக்கிறான்.

மாமா, "நாந்தான் எல்லாரையும் ஏமாத்திப்புட்டேன்" என்றார். இல்லை மாமா, நான்தான் என்றேன். காய்ச்சல் ஒரு நாளில் விட்டுவிட்டது. முழங்கால் வீக்கமும் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. பஸ் தினமும்தான் போகிறது. கோயிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பூசை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கன்னத்தைப் பிடித்து, "பேரு என்ன? சொல்லு, சொல்லு" என்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நாளைக் காலை முதல் வண்டியில் திருச்சி போகிறோம்.

சுடர்


திண்டுக்கல்
24.11.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் கடிதம் கொடுக்கும்போது மதரின் கையையே பார்க்கிறேன். இன்று அவரே, "உங்க அக்காகிட்ட இருந்து ஒண்ணும் வரலம்மா" என்றார், நான் கேட்காமலே.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள், எழுதவும் கூடாது. அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

முடிவு என்னவாக இருந்தாலும் எழுது. கேட்காத காதென்றால் சைகை மொழி கற்றுக்கொள்வோம். இங்கே இரண்டு சிஸ்டர்களுக்குத் தெரியும், நான் ஏற்கெனவே கேட்டுவைத்துவிட்டேன். அவன் நம்முடைய செம்மல்தானே, இதில் எது மாறிவிடப் போகிறது? உன் உடம்பைக் கவனி. சாப்பிடு.

எல்லா நேரமும் உன்னை நினைக்கும்,
அன்பு


கீரனூர்
21.12.2024

என் அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இது திருநாளன்று உன் கைக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. மூச்சு விட்டுக்கொள். இனி மெதுவாகப் படி.

அன்றைக்கு மாமா கண்டக்டரிடம் தன் பாஸைக் காட்டி, முன் சீட்டு வாங்கிக்கொடுத்து, கூடவே வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துச் செம்மலைத் தூங்கவைத்துத் தலையில் வயர்களை ஒட்டினார்கள். தூங்குகிற பிள்ளையின் மூளைக்குச் சத்தம் போகிறதா என்று அந்த மிசின் கண்டுபிடித்துவிடுமாம். டாக்டர் அம்மா அவனுடைய காதையும் தொண்டையையும் வெகுநேரம் பார்த்தார். "நல்லா கொறட்டை விடுவானே?" என்று அவரே கேட்டார்.

பிறகு சொன்னார். "நரம்பு நல்லா இருக்கும்மா. மூக்குக்குப் பின்னாடி சதை வீங்கி, ரெண்டு காதுக்குள்ளயும் தண்ணி கட்டிப் பசை மாதிரி கெட்டியாயிருச்சு. வெடிச் சத்தம் கேக்கும், பேச்சு கேக்காது. கதவச் சாத்திக்கிட்டு அடுத்த ரூம்ல பேசுற மாதிரிதான் இவனுக்கு நீங்க பேசுறது."

"பொறந்தப்ப நார்மல்னு சொன்னாங்களே டாக்டர்?"

"அப்ப நார்மலாத்தான் இருந்திருக்கும். இது அப்பறம் வந்தது."

"அப்ப... புள்ள நார்மல்தானா டாக்டர்?" என் வாயாலேயே கேட்டுவிட்டேன் அன்பு.

அவர் சிரித்தார். "இந்தக் காது நார்மல் இல்லம்மா. ஆனா ரொம்ப காமன். சரி பண்ணிரலாம்."

நார்மல் இல்லை என்று ஒருவர் சொல்லி நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பெரிதாக ஒரு சிலுவை போட்டார். அதைப் பார்த்த செம்மல் அரைத்தூக்கத்தில் எழுந்து, கோயிலைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடினான். பிடிக்கப் போன நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

உடனே ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதலில் மருந்து கொடுத்துச் சில வாரம் பார்ப்போம், வடியவில்லை என்றால் சின்ன ஆபரேசன் என்றார்கள். பாதிச் செய்தியை உனக்கு அனுப்பிவிட்டு, அது பொய்த்துப்போனால் என்ன செய்வது என்று பயந்தேன். மருந்தில் வடியவில்லை. ஜனவரியில் ஆபரேசன்.

அத்தானிடமும் சொல்லிவிட்டேன். "எல்லாம் நார்மல்தானே?" என்றார். "இல்லைங்க" என்றேன். மிஸ் கேட்டதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இத்தன மாசமா தனியா வச்சிருந்தியா? நான் ஒனக்கு யாரு?" என்று கத்தினார். கத்தி முடித்து, "எனக்கும் இங்கிட்டு நாலு மாசமா முதுகு வலி, பெல்ட் போட்டுத்தான் வேலைக்குப் போறேன். நானும் நார்மல்னுதான சொன்னேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். லீவு போட்டு வருகிறார்.

உன் கடிதம் இல்லையென்றால் நான் இன்னும் மழையைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். சிஸ்டர் அமலோற்பவத்துக்கு என் வணக்கத்தைச் சொல். எப்படிச் சொல்வாயோ, சைகையிலோ சத்தமாகவோ.

அக்கா சுடர்


திண்டுக்கல்
5.1.2025

அக்கா! அக்கா! அக்கா!

கிறிஸ்துமஸ் காலை பூசைக்குப் பின் கடிதம் கையில் வந்தது. மௌன நேரம் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். மதர் திரும்பிப் பார்த்தார். கடிதத்தைக் கொடுத்தேன், படித்தார். "இன்னொரு தடவை வேணும்னா கத்திக்க" என்றார்.

சிஸ்டர் அமலோற்பவத்திடம் சத்தமாகவே சொன்னேன். மூன்றாம் முறைதான் புரிந்தது. "எனக்கு மணி கேக்கலங்கிறதக் கண்டுபிடிச்சது நீதானா?" என்று என் காதைப் பிடித்துத் திருகினார். பண்டிகைப் பலகாரத்தில் எனக்கு மட்டும் இரண்டு.

ஆபரேசன் அன்று நாங்கள் எல்லோரும் அவனுக்காகச் செபிப்போம். அத்தானின் முதுகுக்கும் சேர்த்து. நீ தூங்கு.

அன்பு


கீரனூர்
10.2.2025

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம், இந்தமுறை நிஜமாகவே. தவக்காலம் வருவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

ஆபரேசன் நல்லபடி முடிந்தது. காதுக்குள் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மிக்ஸியைப் போட்டேன். அலறிக்கொண்டு அவன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குக்கர் விசிலுக்கு அழுகை, மாமாவின் தும்மலுக்கு அழுகை. மாமா, "என்னப்பா, இத்தன வருசமா தும்முறேன், இன்னைக்குத்தான் கேட்டுச்சா?" என்று அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார். பிரகதி அக்கா ஓடிவந்து, "என்னாச்சு, புள்ள ஏன் இப்புடி அழுவுது?" என்று கேட்டார். "காது கேக்குதுக்கா!" என்றோம் மூன்று பேரும் ஒரே நேரத்தில். பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். பிறகு அவரும் எங்களோடு உட்கார்ந்து அழுதார்.

இப்போது பல்லி கத்துவதைக்கூட நின்று கேட்கிறான். குழாய்த் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்துக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு வர இன்னும் நாளாகும், இரண்டு வருடப் பாக்கி அல்லவா, பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கவலை முழுதாகப் போகாது. ஆனாலும் இது வேறு கவலை. தூங்கவிடுகிற கவலை.

போன ஞாயிறு நான்கு பேரும் பூசைக்குப் போனோம். பேர் கேட்டவர்களிடம் நானே சொன்னேன்.

அக்கா சுடர்


கீரனூர்
6.5.2025

அன்புத் தங்கைக்கு,

உயிர்ப்புத் திருநாள் முடிந்து உன் கடிதம் வந்தது. உடல்நலத்துக்குக் குறைவில்லை என்றிருந்தாய், மெலிந்துவிட்டதாக மாமா கனவு கண்டிருக்கிறார், எது உண்மை என்று நேரில் வந்து பார்க்கிறோம். மே கடைசியில், பயிற்சி முடிந்து நீ துறவற வாக்குக் கொடுக்கிற உன் வார்த்தைப்பாட்டுக்கு எல்லோரும் வருகிறோம். அத்தான் திரும்பிப் போய்விட்டார், அவர் மட்டும் இல்லை.

செம்மலுக்கு வார்த்தைகள் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் சொன்னது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "ஹய்ணி." பக்கத்து வீட்டுக்காரியின் பேர். மனசு கொஞ்சம் சுட்டது, சரி போகட்டும் என்று விட்டேன். இப்போது தண்ணி, வண்டி, போ, வேணாம் எல்லாம் உண்டு. வேணாம் என்பதைத்தான் அதிகம் செலவழிக்கிறான். ஜூனில் நர்சரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த மிஸ் செருப்பைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார். நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியிலிருந்து எனக்கு ஒரு வியாதி. அவனுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "செம்மல்" என்று கூப்பிடுவது. திரும்பிப் பார்ப்பான், சிரிப்பான். அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன், திரும்புவான். கதவுக்குப் பின்னாலிருந்து ரகசியம் பேசுகிற குரலில் கூப்பிடுவேன், அதற்கும் திரும்புவான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. "விடு தாயி, புள்ள கழுத்து சுளுக்கிக்கிரும்" என்பார் மாமா.

இன்று காலை அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. காதுக்குள் வைத்த குழாய் அடைத்துக்கொண்டதா, மறுபடி தண்ணீர் கட்டிவிட்டதா, திருச்சிக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்றெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. மாமாவும் எழுந்து வந்துவிட்டார். பக்கத்தில் போய், "செம்மல்... அப்பா, செம்மல்..." என்றேன்.

சொம்பை வாளிக்குள் வைத்தான். திரும்பாமலே, பெரிய மனிதன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

"கேக்குது. போ."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே வந்து உலையைப் பார்த்தேன். அதன்பின் இதை எழுதுகிற இந்த நேரம்வரை அவனைக் கூப்பிடவில்லை.

நேரில் வருகிறோம். அதுவரை சுகமாக இரு.

உன் அக்கா,
சுடர்விழி